பிரஷர் இருக்கிறது, வேகம் இல்லை: ஹைட்ராலிக் பவர்பேக்கில் ஆயில் ஃப்ளோவைக் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை, பக்கத்தில் கடலூர் சிப்காட் என்று இந்த வட்டாரத்தில் எந்த ஷெட்டில் பிரஸ் மெதுவானாலும் முதலில் காதில் விழுவது ஒரே புகார்தான்: "அண்ணே, கேஜ் ஃபுல்லா காட்டுது, ஆனா ரேம் ஊர்ந்துதான் இறங்குது." அடுத்த நிமிடமே யாராவது ஒருவர் ரிலீஃப் வால்வைத் (பிரஷர் எல்லை தாண்டினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வ்) திருகிக்கொண்டிருப்பார்.

பிரஷர் தள்ளும் பலத்தைக் காட்டும். வேகத்தைத் தீர்மானிப்பது ஃப்ளோ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஓடுகிறது என்பது. வேகம் ஏன் குறைந்தது என்று கேஜிடம் கேட்டால் அது பதில் சொல்லாது. பவர்பேக்கில் (டேங்க், மோட்டார், பம்ப், வால்வுகள் சேர்ந்த யூனிட்) ஃப்ளோவை எந்த வரிசையில் அளப்பது, எங்கே அளப்பது, அளந்ததை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஹோஸ் கழற்றி மாட்டத் தெரிந்த, ஆனால் ஃப்ளோ மீட்டரை இதுவரை கையாளாத மெயின்டனன்ஸ் ஆட்களுக்கானது இது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஃப்ளோ ரீடிங்கைத் தனியாக எழுதி வைத்தால் பயனில்லை. "37 லிட்டர்" என்றால் எந்தப் பிரஷரில், ஆயில் எவ்வளவு சூட்டில் என்ற இரண்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புதியவர்கள் எழுதும் பதிவேடுகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இரண்டும்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் சர்க்யூட் டிராயிங். பாதி இடங்களில் இருக்காது. இருந்தாலும் மெஷினோடு பொருந்தாது. அப்படியானால் மோட்டார் நின்றிருக்கும்போது டேங்கில் தொடங்கி ஒவ்வொரு லைனாகத் தொடர்ந்து போய் நீங்களே பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பைலட் லைனை (வால்வுகளை இயக்கச் சிறிதளவு ஆயில் போகும் லைன்) ரிட்டர்ன் லைன் (ஆயில் டேங்குக்குத் திரும்பும் லைன்) என்று நினைத்து மீட்டரை மாட்டுகிறார்கள்.

அப்புறம் விவரங்கள்: பம்பின் சிசி (ஒரு சுற்றில் தள்ளும் ஆயில் அளவு), மோட்டாரின் ஆர்பிஎம், சிலிண்டரின் போர் (உள்விட்டம்), ராடு விட்டம், ஸ்ட்ரோக், ரிலீஃப் வால்வ் செட்டிங், ஆயில் கிரேடு. பம்ப் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் பழைய மேனுவலை நம்ப வேண்டாம். இப்போது மாட்டியிருக்கும் பம்பின் நேம்பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். அவசரத்துக்குக் கிடைத்த சிறிய பம்பை மாட்டிவிட்டு, மெஷின் மெதுவாகிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

கருவிகள் என்று பார்த்தால் சரிபார்த்த பிரஷர் கேஜ், டெஸ்ட் ஹோஸ், டெம்பரேச்சர் கன், ஸ்டாப்வாட்ச் (போனில் இருப்பதே போதும்), 20 லிட்டர் கோடு போட்ட வாளி, கழற்றும் ஒவ்வொரு முனைக்கும் பிளக், கேப். ஹோஸ் வாயில் துணியைச் சுருட்டி அடைக்கக் கூடாது. அதிலிருந்து பிரியும் ஒரு நூல் போதும், வால்வ் ஸ்பூல் சிக்கிக்கொள்ள.

டெம்பரேச்சர் கன் பளபளக்கும் பைப்பில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்தால் இந்தப் பிரச்சினை வராது.

2. லைனைத் திறக்கும் முன்

வரிசை மாறக் கூடாது. ரேம் அல்லது லோடைக் கீழே இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் முட்டுக் கொடுங்கள். மோட்டாரை நிறுத்தி மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் போடுங்கள். அக்குமுலேட்டர் (பிரஷரோடு ஆயிலைச் சேமித்துவைக்கும் கலம்) இருந்தால் அதன் டம்ப் வால்வைத் திறந்து ஆயில் பக்கத்தைக் காலி செய்யுங்கள். கடைசியாகச் சோலினாய்டு வால்வின் மேனுவல் பட்டனை இரண்டு பக்கமும் அழுத்திவிடுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டினாலும், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் பிரஷர் சிறைப்பட்டிருக்கலாம். கேஜ் பம்ப் பக்கம் இருப்பதால் அதற்கு அது தெரியாது.

மெஷின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அதனாலேயே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். இது அறுவை சிகிச்சை அவசரம். ஜிப்மர் மாதிரி அந்த வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், "ஹை பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதமானால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

3. எவ்வளவு வர வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள்

எதிர்பார்க்கும் எண் இல்லாமல் மீட்டரைப் பார்த்தால், வருவது அதிகமா குறைவா என்றே தெரியாது.

பம்ப் சிசி × ஆர்பிஎம் ÷ 1000 = நிமிடத்துக்கு லிட்டர்.

28 சிசி பம்ப், 1440 ஆர்பிஎம் மோட்டார் என்றால் 40.3 லிட்டர். இது உள்கசிவே இல்லாத கணக்கு. நல்ல நிலையில் உள்ள கியர் பம்ப் வேலைப் பிரஷரில் இதில் ஏறக்குறைய 90 முதல் 95 சதவீதம் தரும். 37 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடினால், எந்த ஹெர்ட்ஸில் அளக்கிறோம் என்று முடிவு செய்து, எப்போதும் அதே ஹெர்ட்ஸில் அளக்க வேண்டும்.

சிலிண்டர் பக்கக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 100 மில்லிமீட்டர் போர், 56 மில்லிமீட்டர் ராடு உள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் முழுப் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ராடு பக்கப் பரப்பு 53.9 மட்டும்தான். ராடு உள்ளே போகும்போது பம்ப் ராடு பக்கத்துக்கு 37 லிட்டர் கொடுத்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து வெளியே தள்ளப்படுவது 54 லிட்டர். "பம்ப் 40 லிட்டர்தானே" என்று 40 லிட்டர் மீட்டரை ரிட்டர்ன் லைனில் மாட்டினால், ஒவ்வொரு சைக்கிளிலும் அது அதன் எல்லையைத் தாண்டித்தான் ஓடும். டர்பைன் மீட்டரின் பேரிங் இப்படித்தான் சீக்கிரம் போகிறது.

பிரஷர் கணக்கும் இதே விகிதத்தில் திரும்பும். ராடு பக்கம் அடைபட்டு, எதிர்ப்பக்கம் 160 பார் வந்தால், வெளி லோடு எதுவும் இல்லாதபோதே ராடு பக்கத்தில் 233 பார் உருவாகும். அந்த லைனில் 210 பார் மீட்டரை மாட்டுவது ஆபத்து.

4. மீட்டர் வாங்கும் முன் ஸ்டாப்வாட்ச்

மேலே சொன்ன சிலிண்டருக்கு 500 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால், முழுதாக வெளியே வர 3.93 லிட்டர் ஆயில் வேண்டும். 37 லிட்டர் ஃப்ளோவில் இதற்கு 6.4 விநாடி ஆகும். 8 விநாடி ஆனால் சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 29.5 லிட்டர்தான் போய்ச் சேர்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

மெஷின் நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த நேரங்களை எடுத்துப் பேனலின் உட்கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். கெட்டுப்போன பிறகு எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஃப்ளோ கண்ட்ரோல் வால்வ் இருந்தால் அதன் குமிழ் எந்த எண்ணில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஷிஃப்ட் மாறும்போது ஆபரேட்டர் அதைத் திருகியிருப்பார், நீங்கள் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்டாப்வாட்ச் குறைவு இருக்கிறது என்று சொல்லும். பம்பா, வால்வா, சிலிண்டர் சீலா என்று சொல்லாது. அதற்குத்தான் மீட்டர்.

5. எங்கே மாட்டுவது

எந்த மீட்டர் என்பதைவிட எந்த இடம் என்பதே முக்கியம். ஒரே மீட்டர் நான்கு இடங்களில் நான்கு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

சக்‌ஷன் லைனில் (டேங்கிலிருந்து பம்ப் ஆயிலை இழுக்கும் லைன்) மாட்டவே வேண்டாம். அங்கே சிறு தடை வந்தாலும் பம்ப் ஆயிலை இழுக்கத் திணறும், குழிவிழுதல் (ஆயிலில் வெற்றிடக் குமிழ்கள் உருவாகி வெடிப்பது) தொடங்கும், கூழாங்கல்லை அரைப்பது போலச் சத்தம் வரும். அளக்கப் போய்ப் பம்பைக் கெடுத்த கதையாகிவிடும்.

பம்புக்கு அடுத்து, ரிலீஃப் வால்வுக்கு முன்னால்: பம்பின் உண்மை நிலை இங்கே தெரியும். ஆனால் முழுப் பிரஷரும் பம்பின் துடிப்பும் மீட்டர்மீது விழும் இடம் இது. அதற்கேற்ற பிரஷர் ரேட்டிங் வேண்டும்.

ரிலீஃப் வால்வுக்குப் பின்னால்: சிஸ்டத்துக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்பது தெரியும். பம்ப் சரியாகத் தந்தும் இங்கே குறைந்தால் மீதி ரிலீஃப் வழியாக டேங்குக்குப் போகிறது. நிரந்தர மீட்டர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இந்த இடத்தைத்தான் தேர்வு செய்வேன்.

ரிட்டர்ன் லைன்: பிரஷர் குறைவு, அதனால் மீட்டரின் விலையும் குறைவு. பலர் இங்கே மாட்டக் காரணம் இதுதான். ஆனால் சிலிண்டர் வரும்போது ஒரு எண், போகும்போது ஒரு எண் காட்டும். பெரிய பிரஸ்ஸில் பிரஷர் விடுபடும் நொடியில் ஆயில் மொத்தமாகத் திரும்பிவந்து மீட்டரை அடிக்கும். ஹைட்ராலிக் மோட்டார் ஒரே திசையில் சீராக ஓடும் கன்வேயர், மிக்சர் போன்றவற்றுக்கு ரிட்டர்ன் லைன் சரி. சிலிண்டர் மெஷின்களுக்கு அங்கே மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேஸ் டிரெயின் (பம்பின் உள்கசிவை டேங்குக்கு எடுத்துப்போகும் லைன்): பிஸ்டன் பம்பின் தேய்மானம் இங்கேதான் முதலில் தெரியும். தனியாகப் பேசுவோம்.

6. எந்த மீட்டர்

மின்காந்த மீட்டர் வேண்டாம். சிப்காட் கெமிக்கல் யூனிட்களில் தண்ணீர், அமில லைன்களுக்கு அது நன்றாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே கேட்கிறார்கள். மினரல் ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், அல்லது கண்டபடி ஓடும்.

ஸ்பிரிங், பிஸ்டன் வைத்த இன்லைன் மீட்டர்: மின்சாரம் தேவையில்லை, பார்த்த உடனே தெரியும், விலையும் தாங்கும். கவனிக்க வேண்டியது துல்லியக் கணக்கு. "முழு அளவில் 4 சதவீதம்" என்று போட்டிருந்தால், 100 லிட்டர் மீட்டரில் எந்த இடத்திலும் 4 லிட்டர் பிழை வரலாம். நீங்கள் 20 லிட்டர் அளக்கும்போது அந்த 4 லிட்டர் என்பது 20 சதவீதம்! வழக்கமான ஃப்ளோ ஸ்கேலின் மேல்பாதியில் விழும்படி மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். "பெரிசா வாங்கிடுவோம், எதுக்கும் ஆகும்" என்பது இங்கே செல்லாது. ஸ்கேல் ஆயிலுக்குப் போட்டதா, தண்ணீருக்குப் போட்டதா என்பதையும் கடையிலேயே கேளுங்கள். டை காஸ்டிங் மெஷினில் வாட்டர் கிளைகால் ஓடினால், ஆயில் ஸ்கேல் அதற்குப் பொருந்தாது.

டர்பைன் மீட்டர்: வேகமாகப் பதில் தரும், எலக்ட்ரானிக் சிக்னல் எடுக்கலாம். குறைந்தபட்ச ஃப்ளோவுக்குக் கீழே நம்ப முடியாது. பெரும்பாலானவை 10-க்கு 1 என்ற வீச்சுக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆயில் கெட்டியாக இருந்தாலும் ரீடிங் மாறும்.

கியர் மீட்டர்: கெட்டியான ஆயிலிலும் துல்லியம் நிற்கும், நேர் பைப்பும் கேட்காது. பதிலுக்குச் சுத்தமான ஆயில் கேட்கும். ஒரு இரும்புத் தூள் பற்களுக்கு நடுவே மாட்டினால் மீட்டரே அடைப்பாகிவிடும்.

வெளியே கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் பெரிய ஸ்டீல் பைப்புக்கு நல்லது. ரப்பர் ஹோஸில் வேலை செய்யாது, ஆயிலில் காற்றுக் குமிழ் இருந்தாலும் தடுமாறும்.

பழுது கண்டுபிடிக்க மட்டும் என்றால், லோடு வால்வ் (மூட மூடப் பிரஷரை ஏற்றும் வால்வ்), கேஜ், டெம்பரேச்சர் மீட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள போர்ட்டபிள் டெஸ்டர்தான் என் தேர்வு. எட்டாம் படியில் இதைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

7. மாட்டுவது

மீட்டர் உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். தலைகீழாக மாட்டிய பிஸ்டன் வகை மீட்டரில் முள் நகரவே நகராது; பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் மாட்டினால் ஆயில் இரண்டு திசையிலும் ஓடும். அதற்கு இருதிசை மீட்டர் வேண்டும்.

டர்பைன் மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போல 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நீளத்துக்கு நேர் பைப் தேவை. எல்போ தாண்டிய உடனே ஆயில் சுழன்றுகொண்டு வரும். அந்தச் சுழற்சி டர்பைனைக் கூடுதலாகவோ குறைவாகவோ சுற்றிவிடும்.

டெஃப்லான் டேப்பைத் தொடாதீர்கள். பிஎஸ்பி பேரலல் திரெட்டில் ஆயிலைப் பிடித்து நிறுத்துவது திரெட் அல்ல, டவுட்டி வாஷர் (ரப்பர் ஓரம் வைத்த உலோக வாஷர்) அல்லது ஓ-ரிங். டேப் கிழிந்து உள்ளே போனால் நேராகப் ப்ரொபோர்ஷனல் வால்வில் போய் உட்காரும். பிளம்பிங் வேலை பார்த்துவிட்டு வரும் தம்பிகளிடம் இந்தப் பழக்கத்தை விடவைப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

புது ஹோஸ், பைப் மாட்டினால் முதலில் மீட்டர் இடத்தில் ஒரு வெற்று இணைப்பை வைத்து ஆயிலை ஓடவிட்டு லைனைக் கழுவுங்கள். ஹோஸ் கட் செய்த ரப்பர் தூளும் வெல்டிங் கசடும் முதல் சில நிமிடங்களில்தான் வரும். அவை ஃபில்டருக்குப் போகட்டும், மீட்டருக்குப் போக வேண்டாம்.

8. முதல் அளவு எடுப்பது

டெஸ்டரை ரிலீஃப் வால்வுக்குப் பின்னால் பிரஷர் லைனில் இணைத்து, அதன் வெளிவழியை டேங்குக்குக் கொண்டுபோங்கள். டைரக்‌ஷன் வால்வுக்குப் போகும் வழியை மூடிவிடுங்கள். இப்போது நாம் பார்ப்பது பம்பும் ரிலீஃபும் மட்டும்.

மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் முன் லோடு வால்வ் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ரிலீஃபுக்கு முன்னால் இணைத்துவிட்டு லோடு வால்வை மூடினால் ஆயில் போக வேறு வழியே இல்லை. டெஸ்டரில் உள்ள பாதுகாப்புத் தகடு கிழியும், அது இல்லாத டெஸ்டரில் வேறு ஏதாவது வெடிக்கும். ரிலீஃபுக்குப் பின்னால் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மோட்டார் புதிதாகக் காயில் கட்டி வந்ததா? சுற்றும் திசையைப் பார்த்துவிடுங்கள். பேஸ் மாறினால் பம்ப் ஃப்ளோ தராது, வறட்சியில் சீக்கிரம் கெட்டும் போகும்.

ஆயில் 50 டிகிரிக்கு வரும்வரை லேசான லோடில் ஓடவிடுங்கள். விஜி 68 ஆயிலின் பிசுக்கம் (கெட்டித்தன்மை) 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக். 60 டிகிரியில் அது பாதிக்கும் கீழே போய்விடும். ஆயில் இளகினால் பம்பின் உள்கசிவு கூடும். மார்கழிக் காலையில் குளிர்ந்த ஆயிலில் எடுத்த அளவையும் கத்திரி வெயிலில் மதியம் எடுத்ததையும் ஒப்பிட்டால், நல்ல பம்புகூடத் தேய்ந்தது போலத் தெரியும்.

இப்போது லோடு வால்வை மெல்ல மூடி, லோடு இல்லாமல், 50 பாரில், 100 பாரில், 150 பாரில் ஃப்ளோவை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சூடு. ஒற்றை எண்ணைவிட இந்த நான்கு எண்களும் எப்படி இறங்குகின்றன என்பதுதான் விஷயம்.

நம் 28 சிசி பம்பில் 40, 39, 38, 37 என்று வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. வேறு இடத்தில் தேடுங்கள்.

39, 34, 27, 19 என்று பிரஷர் ஏற ஏறச் சரிந்தால் பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டது. லோடு இல்லாமல் நன்றாகத்தான் தரும். அதனால்தான் "பம்ப் நல்லாத்தான் அடிக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

28, 28, 27, 26 என்று தொடக்கத்திலேயே குறைவாக, ஆனால் சரியாமல் இருந்தால் பம்பைக் கழற்ற வேண்டாம். ஆயில் உள்ளே போகவில்லை. சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைப்பு, சக்‌ஷன் ஹோஸ் உட்புறம் உரிந்து மடங்கியது, காற்று இழுப்பது, ஆர்பிஎம் குறைவு, வேரியபிள் பம்பில் ஸ்ட்ரோக் குறைவாகச் செட் செய்திருப்பது என்று அந்தப் பக்கம் பாருங்கள். முள் நடுங்கி, டேங்கில் நுரை தெரிந்தால் காற்றுதான். காற்றுக் குமிழோடு வரும் ஆயிலில் டர்பைன் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

40, 39, 38 என்று ஒழுங்காக வந்து 150-இல் திடீரென்று 12 ஆனால் ரிலீஃப் வால்வ் முன்கூட்டியே திறக்கிறது. செட்டிங் இறங்கியிருக்கலாம், சீட்டில் தூசி உட்கார்ந்திருக்கலாம். ரிலீஃபிலிருந்து டேங்குக்குப் போகும் பைப்பை டெம்பரேச்சர் கன்னால் பாருங்கள். மற்ற ரிட்டர்ன் பைப்களைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கும். 160 பாரில் 40 லிட்டரும் ரிலீஃப் வழியாகப் போனால் 10 கிலோவாட்டுக்கு மேல் சூடாக மாறுகிறது (பார் × லிட்டர் ÷ 600). டேங்க் கொதிப்பதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரிலீஃபைத் திருகுவதில் அர்த்தமுள்ள ஒரே சூழ்நிலை இதுதான், அதுவும் மெஷினின் செட்டிங் அளவுக்குள்.

பம்பும் ரிலீஃபும் தேறிவிட்டால் மிச்சம் வால்வும் சிலிண்டரும். சிலிண்டரை முழுதாக வெளியே ஓட்டி நிறுத்துங்கள். மோட்டாரை அணைத்து, இரண்டாம் படியில் சொன்னபடி பிரஷரை விட்டு, ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனைக்குக் கேப் போட்டு, சிலிண்டரின் திறந்த வாயைப் பாத்திரத்துக்குத் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் பிரஷர் கொடுங்கள். உள்ளே தங்கியிருந்தது வடிந்த பிறகும் ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வரவில்லை என்றால் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

9. பிஸ்டன் பம்புக்குக் கேஸ் டிரெயின்

பிஸ்டன் பம்பில் உள்கசிவு எல்லாம் கேஸில் சேர்ந்து தனி லைனில் டேங்குக்குப் போகிறது. 71 சிசி பம்ப் 1450 ஆர்பிஎம்மில் 103 லிட்டர் தரும். புதிதாக இருக்கும்போது அதில் 1 முதல் 3 சதவீதம், அதாவது 1 முதல் 3 லிட்டர் டிரெயினில் வருவது இயல்பு. 10 லிட்டரை நெருங்கினால் மாற்றுப் பம்புக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். சரியான எல்லை பம்பின் டேட்டா ஷீட்டில் இருக்கும்; அது கிடைத்தால் அதையே பிடியுங்கள்.

அளப்பது சுலபம். டிரெயின் ஹோஸை டேங்கிலிருந்து எடுத்து வாளியில் விட்டு, முழுப் பிரஷரில் 30 விநாடி பிடித்து இரண்டால் பெருக்குங்கள். பிரஷர் காம்பென்சேட்டர் (செட் செய்த பிரஷர் வந்ததும் ஃப்ளோவைத் தானே குறைப்பது) உள்ள பம்ப் என்றால், ஃப்ளோ வெளியே போகாமல் பிரஷரில் நிற்கும் நேரத்தில் அளந்தால்தான் ஒவ்வொரு மாதமும் ஒப்பிட முடியும். டிரெயின் ஆயில் டேங்கைவிடச் சூடாக வரும், கையுறை போடுங்கள்.

கேஸ் டிரெயினை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. "கொஞ்ச நேரம்தானே" என்று பிளக் போட்டால் ஷாஃப்ட் சீல் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். நிரந்தர மீட்டர் மாட்டினாலும் தடை மிகக் குறைவாக உள்ளதாகப் பார்க்க வேண்டும். டிரெயின் லைனை மெயின் ரிட்டர்னோடு சேர்த்துவிடுவதும் கேஸில் பிரஷரை ஏற்றும்.

10. நிரந்தரக் கண்காணிப்பும் அலாரமும்

லூப்ரிகேஷன் ஆயில், கூலர் லைன் மாதிரி இடங்களில் எண் தேவையில்லை. ஓடுகிறதா இல்லையா என்று சொல்லும் ஃப்ளோ ஸ்விட்ச் போதும்.

எண் வேண்டும் என்றால் 4–20 மில்லிஆம்ப் சிக்னலைப் பிஎல்சிக்குக் (மெஷினை இயக்கும் கண்ட்ரோலர்) கொடுக்கலாம். மீட்டர் 0–60 லிட்டருக்குச் செட் ஆகியிருந்தால் 12 மில்லிஆம்ப் என்பது 30 லிட்டர். பிஎல்சியில் 0–100 என்று ஸ்கேல் போட்டிருந்தால் அது 50 என்று காட்டும். மீட்டரை மாற்றும்போதெல்லாம் இந்தத் தவறு நடக்கிறது. பல்ஸ் தரும் மீட்டரில் ஒரு லிட்டருக்கு எத்தனை பல்ஸ் என்ற எண் ஒவ்வொரு பீஸுக்கும் கொஞ்சம் மாறும். பழைய மீட்டரின் எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

எப்போது அளக்கிறோம் என்பதைச் சைக்கிளோடு கட்டிவிட வேண்டும். ரேம் வேகமாக இறங்கும் கட்டத்தின் நடுவில் என்று முடிவு செய்தால், எப்போதும் அந்த ஸ்டெப்பில் மட்டும் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். முழுச் சைக்கிளுக்கும் சராசரி எடுத்தால், பிரஸ் அழுத்திக்கொண்டு நிற்கும் நேரமும் சேர்ந்து, வரும் எண் எதையும் சொல்லாது.

நல்ல நிலை அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மஞ்சள் விளக்கு, 80-க்குக் கீழே போனால் அலாரம் என்பது நான் வைக்கும் அளவு. மெஷினுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சில விநாடி தாமதம் கட்டாயம் வேண்டும். வால்வ் மாறும் ஒவ்வொரு முறையும் ஃப்ளோ ஒரு நொடி விழும். அதற்கெல்லாம் அலாரம் அடித்தால் இரண்டாம் நாளே ஆபரேட்டர் அதன் வயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

11. கடற்கரைக்கு ஏற்ற சில ஏற்பாடுகள்

உப்புக் காற்றில் சென்சார் கனெக்டர் பச்சை பூத்து, சிக்னல் மெல்ல இறங்கும். ஃப்ளோ குறைவது போலவே தோன்றும். பம்பைச் சந்தேகிக்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேபிளை மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறக்காமல், கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றினால் மழைநீர் உள்ளே வழியாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டேங்க் மூச்சுவிடும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகும். சிலிக்கா ஜெல் உள்ள பிரீதர் மாட்டி, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலில் எடுக்கும் ஃப்ளோ அளவுகளைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டாம். முதலில் ஆயிலைச் சரிசெய்யுங்கள்.

12. மீட்டரையும் சோதியுங்கள்

மீட்டர் கெட்டால் பம்ப் கெட்டது போலத்தான் காட்டும். குறைந்த பிரஷரில், மீட்டர் வழியாக வரும் ஆயிலை 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 30 விநாடியில் நிறைந்தால் 40 லிட்டர். கோட்டை நம்ப முடியாவிட்டால் தராசில் வையுங்கள். மினரல் ஆயில் ஒரு லிட்டர் சுமார் 0.87 கிலோ, எனவே 20 லிட்டர் ஏறக்குறைய 17.4 கிலோ இருக்கும், வாளியின் எடை தனி. ஹோஸ் முனையை வாளியோடு கட்டிவிட்டுத்தான் மோட்டாரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் துள்ளும்.

வாளிக் கணக்குக்கும் மீட்டருக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால், மீட்டரை என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது உங்கள் ஆயில் கிரேடையும் வேலைச் சூட்டையும் எழுதிக் கொடுங்கள். தண்ணீரில் சோதித்துச் சான்றிதழ் வந்தால் அது உங்கள் பவர்பேக்குக்கு உதவாது.